எம்.ஓ.பி. ஐயங்கார்: குட்டைச் சேற்றில் பாசியைத் தேடியவர் (தருமபுரி மாணவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்)

தருமபுரி மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் ஐப்பசி மழை நின்றால் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது நிற்கவில்லை. ஆளுக்கொரு கண்ணாடி பாட்டில், ஒரு பழைய டீஸ்பூன், இவ்வளவுதான் சாமான். போகும் வழியில் எம்.ஓ.பி. ஐயங்காரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஐயங்கார்?

முழுப்பெயர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். 1886 டிசம்பர் 15 அன்று சென்னையில் பிறந்தார். 1963 டிசம்பர் 10 அன்று காலமானார்; இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 77 வயது நிறைந்திருக்கும். பாசிகளைப் பற்றிய படிப்புக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டவர் என்பதால் இந்தியப் பாசியியலின் தந்தை என்கிறார்கள். பட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று வகுப்பில் கெஞ்சியிருக்கிறேன். அவர் எதைப் பார்த்தார், எங்கே போய்ப் பார்த்தார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

சார், புத்தகத்தில் எம்.ஓ. பார்த்தசாரதி என்று இருக்கிறது. நீங்கள் ஐயங்கார் என்கிறீர்கள். இரண்டு பேரா?

ஒரே ஆள்தான். நம் பாடநூலில் சாதிப் பெயரை விட்டு எம்.ஓ. பார்த்தசாரதி என்று போட்டிருக்கிறார்கள். அறிவியல் உலகில் அவர் எழுதிய கட்டுரைகளெல்லாம் ஐயங்கார் என்ற பெயரில்தான் வந்தன. ஒரு பாசியின் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில், பெயர் சூட்டியவரின் பெயராக இருப்பதும் அதுவே. தேர்வில் எந்தப் பெயரில் கேட்டாலும் குழம்ப வேண்டாம்.

பாசி என்றால் எது? எங்கள் ஊர் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அதுவும் பாசியா?

இல்லை. ஆகாயத்தாமரை பூக்கும் செடி. வேலம்பாசி பெயரில்தான் பாசி. அதுவும் பூக்கும் செடியே. வேர், தண்டு, இலை எல்லாம் அதற்கு உண்டு. மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் வெல்வெட் போல மெத்தென்று படர்வது பெரும்பாலும் மாஸ் என்னும் வேறு வகைத் தாவரம். நம் பேச்சுத் தமிழ் இவை அத்தனையையும் பாசி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் படிக்கும்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாம் பேசும் பாசி, வேரும் தண்டும் இலையும் இல்லாமல் தானே உணவு தயாரித்துக்கொள்ளும் எளிய உயிர். தொட்டித் தண்ணீரைப் பச்சையாக்குவது, வாய்க்காலில் பச்சை நூல் போல மிதப்பது, துணி துவைக்கும் கல்லில் வழுக்குவது எல்லாம் அதில் சேரும். ராமேசுவரம் பக்கம் கடலில் எடுத்து, ரம்ஜானுக்குப் பால் ஊற்றிக் காய்ச்சும் கடல்பாசியும் இந்தக் கூட்டம்தான். மழைக்குப் பின் சரளை மண்ணில் கருப்பும் பச்சையுமாக ஜெல்லி போலப் புடைத்துக் கிடக்குமே, அது நாஸ்டாக். வெயிலில் காய்ந்து கருகிய தோல் மாதிரி ஆகிவிடும். அடுத்த மழைக்கு ஊறிப் புடைக்கும். நம் மேட்டாங்காட்டில் ஒருமுறையாவது அதை மிதித்திருப்பீர்கள்.

அவர் படித்ததும் வேலை பார்த்ததும் எங்கே?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சென்னை அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் வேலை பார்த்த பிறகு மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் ஆசிரியராகத் திரும்பினார். லண்டனில் ஃப்ரிட்ஷ் என்ற பாசியியல் பேராசிரியரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். 1944-ல் அந்தப் பொறுப்பு டி.எஸ். சதாசிவனுக்குப் போனது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லண்டனுக்குப் போகும் முன்பே அவர் சென்னைக் குட்டைகளைக் கரைத்துக் குடித்திருந்தார். சென்னையின் வால்வாக்ஸ் குடும்பப் பாசிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1920-லேயே வந்துவிட்டது. அது வெளியான பத்திரிகையை அதற்கு முந்தைய வருடம்தான் மாநிலக் கல்லூரியின் ஃபைசன் தொடங்கியிருந்தார். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி எழுதியவரும் அதே ஃபைசன்தான்.

வால்வாக்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்கு வாயால் பதில் சொல்வதை விட்டு, பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவேன். மழைநீர் தேங்கிச் சில வாரம் ஆன, அதிகம் கலங்காத குட்டையில் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஊசி முனை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் மிதக்கும். தூசு என்றால் கீழே படியும், இல்லை மேலே வரும். இந்தப் புள்ளிகள் இரண்டையும் செய்யாது. உருண்டுகொண்டே, வெளிச்சம் வரும் பக்கமாகப் போய்ச் சேரும். பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி வெளிச்சத்தின் பக்கம் கூடிவிடும். மைக்ராஸ்கோப் இல்லாமல் ஒரு பாசி நகர்வதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஒரு பந்து. பந்தின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் சாட்டை போல இரண்டு இழைகள். அத்தனையும் சேர்ந்து துடுப்புப் போடுவதால் பந்து உருள்கிறது. வயிற்றுக்குள் குட்டிப் பந்துகள் வளரும். அந்தக் குட்டிகள் உருவாகும்போது சாட்டை முளைக்க வேண்டிய பக்கம் உள்நோக்கி இருக்கும். பிறகு, பனியனைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருவது போல, முழுப் பந்தும் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் 1700-ஆம் ஆண்டிலேயே வால்வாக்ஸைப் பார்த்து எழுதினார். தென்னிந்தியக் குட்டைகளில் இந்தக் கூட்டத்தில் என்னென்ன இருக்கின்றன, எப்படிப் பெருகுகின்றன என்று உட்கார்ந்து வரைந்து எழுதியவர் ஐயங்கார். அந்த விரிவான கட்டுரை 1933-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது.

ஒற்றைச் செல் உயிர், பல செல் உடம்பாக மாறியது எப்படி என்பது உயிரியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. தனிச் செல்லாக நீந்தும் கிளாமிடோமோனஸ், எட்டும் பதினாறும் செல்கள் சேர்ந்த பண்டோரினா, அதற்கு மேல் யூடோரினா, கடைசியில் வால்வாக்ஸ் என்று வரிசையாக வைத்துப் பார்க்க இந்தக் கூட்டம் வாய்ப்பளிக்கிறது. அதனால்தான் அவர் இதை விடவில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஃப்ரிட்ஷியெல்லா என்கிறீர்களே, அது என்ன?

அவர் பெயர் உலகம் முழுக்கத் தாவரவியல் புத்தகங்களில் நிற்பதற்குக் காரணமான பாசி. முழுப்பெயர் ஃப்ரிட்ஷியெல்லா டியூபெரோசா. 1932-ல் நியூ ஃபைட்டாலஜிஸ்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் இதைப் புதிய பேரினமாக அறிவித்தார்.

பாசி என்றால் தண்ணீரில்தான் தேடுவார்கள். இது கிடைப்பது தண்ணீர் வற்றிய இடத்தில். குட்டை சுருங்கிச் சுருங்கி, ஓரத்துச் சேறு ஈரமாக மட்டும் இருக்கும் நாளில், அந்த மண்ணின் மேல் பச்சைப் பொடி தூவினது போலத் தெரியும். ஆடு மாடு மிதித்துக்கொண்டு போகும் மண். அந்தச் சேற்றை மெதுவாகச் சுரண்டி எடுத்து, வாட்ச் கிளாஸ் என்னும் குழிந்த சிறு கண்ணாடித் தட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் கீழ்ப்பகுதி அறுந்துவிடும். பொறுமையாகக் கழுவினால் முழு உருவம் கிடைக்கும். நிறம் இல்லாத மெல்லிய வேரிழை கீழே இறங்குகிறது. அதற்கு மேல், மண்ணுக்குள்ளேயே, உருண்டை உருண்டையான செல்கள் கொத்தாகச் சேர்ந்து கிழங்கு போல இருக்கின்றன. அந்தக் கொத்திலிருந்து சில இழைகள் எழுகின்றன. அவை கிளைத்து, மண்ணைத் தாண்டி வெளியே வந்து, பச்சைப் பசேலென்று கொத்தாக நிற்கின்றன. ஆக ஒரே பாசியில் மண்ணுக்குக் கீழே ஒரு வேலை, மேலே ஒரு வேலை.

டியூபெரோசா என்றால் கிழங்குடையது என்று பொருள். நம் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கக் கோரைக்கிழங்கைச் சொன்னால் போதும். மேலே எத்தனை முறை பிடுங்கினாலும், எவ்வளவு காய்ந்தாலும், கீழே கிழங்கு கிடந்தால் மழைக்குக் கோரை வந்துவிடும். ஃப்ரிட்ஷியெல்லாவும் அப்படித்தான். மேல்பகுதி வெயிலில் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கொத்து உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

இந்தப் பாசியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பின்னர் 1940-களில் ஆர்.என். சிங் விரிவாக ஆராய்ந்தார்.

எல்லாச் செடிகளும் அதிலிருந்துதான் வந்தன என்று யூடியூபில் சொல்கிறார்களே?

அப்படி ஒரு காலம் கருதினார்கள். கீழே வேரிழை, மேலே நிமிர்ந்த பகுதி, வெளியில் வாழும் பழக்கம் எல்லாம் ஒரே பாசியில் இருந்ததால், தண்ணீரிலிருந்து நிலத்துக்கு வந்த முதல் தாவரம் இந்த மாதிரி இருந்திருக்கலாம் என்று பலர் யோசித்தார்கள். ஃப்ரிட்ஷே 1945-ல் அந்தத் திசையில் எழுதினார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்.

இன்று பதில் மாறிவிட்டது. செல் பிரியும் விதத்தையும் மரபணுக்களையும் ஒப்பிட்டதில், நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவு காரா, ஸ்பைரோகைரா என்ற பாசிகள் இருக்கும் கிளை என்று தெரிந்தது. அதிலும் ஸ்பைரோகைராவின் கூட்டமே மிக நெருக்கம். பத்தாம் வகுப்பு முடித்து வந்தவுடன் ரிப்பன் சுருள் போல வரைவீர்களே, அதே ஸ்பைரோகைரா! ஃப்ரிட்ஷியெல்லா பச்சைப்பாசிகளில் வேறொரு கிளை. நிலத்தில் வாழ வேண்டிய நெருக்கடிக்கு அந்தக் கிளையும் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. இதனால் ஐயங்காரின் கண்டுபிடிப்பு குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. அவர் பார்த்து வரைந்ததில் எதுவும் பொய்யாகவில்லை. அதற்குச் சொன்ன பொருள்தான் மாறியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பழைய கைடுகளை நம்பிக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

கண்டுபிடித்தவர் இவர். வெள்ளைக்காரர் பெயர் எதற்கு?

ஒரு பையன் கோபமாகவே கேட்டான். தன் பெயரைத் தானே ஓர் உயிருக்குச் சூட்டிக்கொள்வது அறிவியலில் வழக்கம் இல்லை. மதிக்கிற ஒருவரின் பெயரை வைப்பார்கள். ஃபீலிக்ஸ் யூஜின் ஃப்ரிட்ஷ் அவருடைய ஆசிரியர். 1935-லும் 1945-லும் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய பாசி நூல் பல தலைமுறைக்கு அடிப்படைப் புத்தகமாக இருந்தது. அதே ஃப்ரிட்ஷோடு சேர்ந்துதான் பி.கே. டே என்ற இந்தியர், நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி நெல்வயலுக்குத் தருவதைப் பற்றி 1938-ல் எழுதினார். குருவுக்குச் சீடன் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயங்கார் பெயரிலும் பாசிகள் இருக்கின்றன. டென்மார்க்கின் போர்கெசன் ஒரு பழுப்புக் கடற்பாசிக்கு ஐயங்காரியா என்று பெயர் வைத்தார். ஐயங்காரின் மாணவர் தேசிகாச்சாரி ஒரு நீலப்பச்சைப் பாசிக்கு ஐயங்காரியெல்லா என்று வைத்தார். ஓர் உலகப் பெயர், ஒரு சிஷ்யன் தந்த பெயர். பையனிடம் இதைச் சொன்னதும் அவன் கோபம் தணிந்தது.

கடல்பாசியையும் ஆராய்ந்தாரா?

ஆமாம். மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகே இருக்கும் குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி 1927-ல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். ஆனால் அவர் மனசு நன்னீரில்தான் இருந்தது என்று அவர் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தால் படுகிறது.

அவரிடம் பெண்கள் ஆய்வு செய்தார்களா?

அரூரிலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டது. 1940-ல் ஹார்மிடியெல்லா என்ற புதிய பாசிப் பேரினத்தை ஐயங்காரோடு சேர்ந்து அறிவித்தவர் பெயர் காந்தம்மா. 1940-ல்! அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் பெண்ணை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயரை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

அவர் எழுதிய புத்தகம் எது? எங்கே கிடைக்கும்?

வால்வகேலஸ் என்ற பெரிய நூல். தேசிகாச்சாரியும் சேர்ந்து எழுதியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் வெளியிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆசிரியர் இறந்து 18 வருடம் கழித்து. ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பை வீணாக விடாமல் மாணவர் அச்சுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தேசிகாச்சாரியே நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் எழுதிய சயனோஃபைட்டா நூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்னமும் புரட்டுகிறார்கள். அதே கழகத்தின் நூல் வரிசையில், அதே வருடம், ஸ்பைரோகைரா குடும்பத்தைப் பற்றி எழுதிய ரந்தாவா ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி. அரசு வேலைக்கிடையில் பாசியைப் பார்த்தவர். இவை பழைய தாவரவியல் துறை நூலகங்களில் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்தவுடன் கேட்டு வாங்கிப் பாருங்கள். படங்களைப் பார்த்தாலே போதும், ஒவ்வொரு கோடும் கையால் வரைந்தது.

1962-ல் இந்தியப் பாசியியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் ஐயங்கார். அப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

வறண்ட மாவட்டம் சார் நம்மது. இங்கே என்ன பாசி கிடைக்கும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஃப்ரிட்ஷியெல்லா எங்கே வாழ்கிறது என்று மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். நிறைவதும் வற்றுவதுமான குட்டையும் ஏரியும் நம்மிடம் இருப்பது போல எத்தனை பேரிடம் இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மாசி பங்குனிக்குள் ஓரமெல்லாம் வெடிக்கத் தொடங்கும். அந்த இடைப்பட்ட நாட்கள்தான் நமக்கு அறுவடைக் காலம்.

மூன்று இடங்களைச் சொல்கிறேன். ஏரி ஓரத்தில், தண்ணீர் பின்வாங்கி ஒரு வாரம் ஆன ஈரச்சேறு முதலாவது. அதில் பச்சையாகத் தெரியும் எதையும் விடாதீர்கள். ஃப்ரிட்ஷியெல்லா உடனே கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன், எனக்கே பல வருடம் வெறுங்கைதான். இரண்டாவது, குன்றுகளின் மேல் இருக்கும் சுனையும் பாறைக்குழியும். பாறைக்குழியில் தண்ணீர் சுண்டும்போது சில சமயம் ரத்தம் காய்ந்தது போலச் சிவப்பாகப் படிந்திருக்கும். ஹீமட்டோகாக்கஸ் என்ற பச்சைப்பாசி வெயிலைத் தாங்கச் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொண்டால் அப்படி ஆகும். மூன்றாவது, ராகி வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால். அங்கே தொட்டால் வழவழவென்று நழுவும் பச்சை நூல் பெரும்பாலும் ஸ்பைரோகைரா. கரகரவென்று சுண்ணாம்பு படிந்து, கசக்கினால் பூண்டு போல வாடை அடித்தால் அது காரா.

கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிக்கு மட்டும் போகாதீர்கள். ஆழம் தெரியாது, ஓரம் செங்குத்து, பாசி வழுக்கும். ஏரிக்கும் தனியாகப் போக வேண்டாம்.

கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடிக்கிறதே, அதுவும் பாசியா?

தென்பெண்ணை பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வருகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். தண்ணீர் அசையாமல் நின்று வெயிலும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி பெயின்ட் கொட்டியது போலப் பெருகும். அதில் சில இனங்கள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை வெளியிடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அப்படிப் படலம் கட்டிய தண்ணீரில் குளிக்காதீர்கள், மாட்டைக் குடிக்க விடாதீர்கள். தண்ணீரைப் பார்த்ததும் இது எந்தப் பாசி என்று சொல்லத் தெரிந்தவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வேண்டும். பாசியைப் படித்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மைக்ராஸ்கோப் இல்லை. வீட்டில் வைத்து என்ன செய்யலாம்?

நான் படித்த கல்லூரியில் நாற்பது பேருக்கு உருப்படியான மைக்ராஸ்கோப் மூன்றுதான் இருந்தது. வரிசை வருவதற்குள் சொட்டு காய்ந்துவிடும். அதனால் இந்த வருத்தம் எனக்குப் புரியும்.

வற்றிய குட்டையின் மேல் மண்ணை ஒரு பிடி எடுத்து, நிழலில் காயவைத்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். வைகாசியில், எல்லாம் வறண்டு கிடக்கும்போது, அந்த மண்ணில் பாதியை ஓர் அகல் விளக்கிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ பரப்பி, கொதித்து ஆறிய தண்ணீரை மண் நனையும் அளவுக்குத் தெளியுங்கள். மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. மேலே கண்ணாடித் துண்டு ஒன்றை மூடி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணின் மேல் பச்சை தட்டும். எந்தக் குட்டை, எந்தத் தேதியில் எடுத்தது, என்றைக்குப் பச்சை தெரிந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஐப்பசி நடைக்கு வரும்போது சிரட்டையையும் நோட்டையும் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருக்கிறது, கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது.